அணங்கு ஊர்கள் - 7: மட்டாஞ்சேரியின் காப்பிரி முத்தப்பன்

அணங்கு என்பது பேய்க்கு மட்டும் உரிய பெயரன்று என்று சென்ற வாரம் பார்த்தோம். மலையுச்சி, ஆழச் சுனை, முதிர்ந்த மரம் என்று எதன் முன்னால் மயிர் கூச்செறிகிறதோ, அங்கெல்லாம் சங்கப் புலவர்கள் அணங்கைக் கண்டார்கள். திருக்குறளின் 109-ஆம் அதிகாரத்துக்குப் பெயரே தகையணங்குறுத்தல். அங்கே ஆளை வருத்துவது ஒரு பெண்ணின் அழகு. அச்சமும் ஈர்ப்பும் ஒரே சொல்லில் குடியிருந்தன. பிற்காலத்தில் அச்சத்தைப் பேய் என்றும் ஈர்ப்பைத் தெய்வம் என்றும் பாகம் பிரித்துக்கொண்டோம். அந்தப் பாகப்பிரிவினை செல்லுபடியாகாத ஓர் இடம் கொச்சியில் இருக்கிறது.

மட்டாஞ்சேரிக்குப் போகிறவர்கள் 1568-இல் கட்டிய யூதர் கோயிலையும் அரண்மனைச் சுவரோவியங்களையும் பார்த்துவிட்டு, மிளகும் சுக்கும் மணக்கும் கிட்டங்கித் தெரு வழியாகத் திரும்பிவிடுவார்கள். மாங்காட்டு முக்கு அவர்கள் கண்ணில் படுவதில்லை. அங்கே சாலையோரமாகச் சிறியதொரு மேடை. கோபுரம் இல்லை, சிலையும் இல்லை. மெழுகுத்திரி ஏற்றுகிறார்கள். படையல்தான் விசேஷம்: கள், சுருட்டு, அவித்த முட்டை, புட்டு, இறைச்சி. கும்பிட வருகிறவர் எந்த மதம் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. சாமியின் பெயர் காப்பிரி முத்தப்பன். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட ஓர் அடிமையின் ஆவி என்பது நம்பிக்கை.

ஊரில் சொல்லும் கதை இது. 1663 ஜனவரியில் கொச்சிக் கோட்டை டச்சுக்காரர் கைக்குப் போனது. ஓடவேண்டி வந்த போர்த்துகீசியர்கள் பொன்னையும் வெள்ளியையும் கையோடு எடுத்துப்போக முடியாமல் சுவர்களுக்குள்ளும் மரத்தடிகளிலும் புதைத்தார்கள். திரும்பி வரும்வரை காவலுக்கு ஆள் வேண்டுமே? தங்களிடம் இருந்த காப்பிரி அடிமைகளைக் கொன்று, புதையலோடு சேர்த்து வைத்து மூடினார்கள். செத்தவன் காவலை விட்டு ஓடமாட்டான் என்பது கணக்கு.

இது வாய்மொழிக் கதை. ஆனால் அடிமை வணிகம் கதையல்ல. மொசாம்பிக் கரையிலிருந்து மனிதர்களைப் பிடித்து இந்தியத் துறைமுகங்களுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துகீசியர்கள். அவர்களுக்குப் பின் வந்த டச்சுக் கம்பெனி காலத்தில், மலையாளக் கரையில் விலைக்கு வாங்கப்பட்டவர்கள் இதே கொச்சியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் கேப் குடியேற்றத்துக்கும் பட்டாவியாவுக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். ஒரே துறைமுகத்தில் அடிமைகள் இறங்கவும் செய்தார்கள், ஏறவும் செய்தார்கள். மிளகு ஏற்றுமதிக்கு நினைவுச் சின்னம் இருக்கும் ஊரில், இவர்களுக்கு மிஞ்சியது ஒரு பேய்க்கதை.

மனத்தை அமானுஷ்யமாகக் கலக்குவது முன்பின் தெரியாத ஒன்றல்ல, ஒரு காலத்தில் வீட்டோடு இருந்து பிறகு மறைக்கப்பட்டதே வெளியே வந்து நிற்கும்போதுதான் அந்த நடுக்கம் என்று 1919-இல் ஃபிராய்டு ஒரு கட்டுரை எழுதினார். மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு அதற்கு உரை எழுத வேண்டியதில்லை. அவர்கள் கதையில் அது வீட்டுச் சுவருக்குள்ளேயே நிற்கிறது.

இனி விநோதத்துக்கு வருவோம். இப்படிச் செத்தவன் நியாயமாகப் பழிவாங்கும் பேயாக அல்லவா அலைய வேண்டும்? காப்பிரி அப்படியில்லை. இரவில் மதில்மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து சுருட்டுப் பிடிப்பாராம். ஆளரவமற்ற சந்தில் திடீரென்று சுருட்டு வாசம் வந்தால் காப்பிரி பக்கத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். ஒருவருக்கும் தீங்கு செய்யமாட்டார். மனது வைத்தால் புதையல் இருக்கும் இடத்தையும் காட்டிக்கொடுப்பார். எந்தச் சொத்துக்காகக் கொல்லப்பட்டாரோ அதை எஜமானனுக்காகக் காத்து வைக்காமல் தெருவில் போகிறவனுக்கு அள்ளித் தருகிற காவல்காரர்! விசுவாசமுள்ள அடிமையின் ஆவி என்று போர்த்துகீசியன் போட்ட கணக்கை ஊர் கதையிலேயே திருத்தி எழுதிவிட்டது.

பெயரிலும் இந்தத் திருத்தம் நடந்திருக்கிறது. காஃபிர் என்ற அரபுச் சொல்லைப் போர்த்துகீசியர்கள் கறுப்பின மக்களைச் சுட்ட எடுத்துக்கொண்டார்கள். அது கடலோர மொழிகளில் காப்பிரி ஆயிற்று. இலங்கையில் புத்தளம் பக்கம் சிறம்பையடியில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு இன்றும் அதுவே இனப்பெயர். தென்னாப்பிரிக்காவிலோ அதன் உடன்பிறப்பான சொல் மிகக் கேவலமான வசை. அதைச் சொல்லித் திட்டிய ஒரு பெண்ணுக்கு 2018-இல் சிறைத்தண்டனையே விதிக்கப்பட்டது. மட்டாஞ்சேரி அந்தச் சொல்லை ஒதுக்கவில்லை. பக்கத்தில் முத்தப்பன் என்று சேர்த்தது. கண்ணூர்ப் பக்கம் பறசினிக்கடவில் கள்ளும் கருவாடும் ஏற்கிற தெய்வத்துக்கும் அதே பெயர்தான். ஊர் பேர் தெரியாத அடிமை, ஊருக்கே பாட்டனாகிவிட்டார்.

கள்ளும் சுருட்டும் கருப்பசாமிக்கும் முனிக்கும் படைத்துப் பழகிய நமக்கு இந்தப் படையல் புதிதல்ல. ஆனால் இதே படையலை வாங்கிய ஒரு வெள்ளைக்காரரும் உண்டு. 1809-இல் திருவிதாங்கூரின் வேலுத்தம்பி தளவாயின் படையோடு கும்பினிப் படை மோதி, ஆரல்வாய்மொழிக் கோட்டை அரணைப் பிடித்தது. அதில் படுகாயமுற்று இறந்த போல் என்ற ஆங்கிலேயக் கேப்டனைத் திருநெல்வேலிச் சீமையில் சிலர் பேயாக வணங்கியதையும், சாராயமும் சுருட்டும் படைத்ததையும் கால்டுவெல் பாதிரியார் 1849-இல் வெளியான தம் நூலில் பதிந்திருக்கிறார். அற்பாயுளில் துர்மரணம் அடைந்தவன் ஆசை தீராமல் நிற்பான், அவனுக்குப் பிடித்ததைக் கொடுத்துவிடு என்பதுதான் நம் மக்களின் சட்டம். அதற்குத் துரையும் ஒன்று, அடிமையும் ஒன்று.

ஒரு வித்தியாசம் உண்டு. துரைக்குப் பெயர் இருந்தது, பதவி இருந்தது, எந்தச் சண்டையில் விழுந்தார் என்பதும் தெரிந்திருந்தது. பாதிரியார் எழுதியும் வைத்தார். ஆனாலும் இன்று அவருக்குச் சுருட்டுக் கொளுத்துபவர்கள் யார்? எழுத்தில் ஒரு வரிகூட இல்லாத காப்பிரிக்கு மாங்காட்டு முக்கில் இன்னும் படையல் நடக்கிறது. நம் ஊர்களில் பல சாமிகள் சரித்திரத்தில் பெயர் விடுபட்டுப்போனவர்கள்தான். பயம் அவர்களை மறக்கவிடாமல் வைத்திருக்கிறது. உறவுமுறை சொல்லி அழைப்பது அந்தப் பயத்தைத் தாங்கிக்கொள்ள உதவுகிறது.

காப்பிரி தன்னைக் கொன்றவர்களிடம் கணக்குக் கேட்டதில்லை. எல்லோரும் அப்படியிருப்பார்களா? கணக்கைப் பைசா பாக்கியில்லாமல் கேட்டு வாங்கிய ஒருத்தி திருவாலங்காட்டுக்கு அருகே இருக்கிறாள். அடுத்த வாரம் பழையனூர் நீலி.