கணிப்பொறி இடையிடையே நின்றுபோவது ஏன்?

வட்டார அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பயன்படும் கணிப்பொறிகளைப் பற்றி அடிக்கடி எழும் முறையீடு ஒன்று உண்டு. ஒழுங்காக இயங்கிக்கொண்டிருந்த பொறி திடீரென்று ஸ்தம்பித்துவிடுகிறது. சுட்டி நகர்வதில்லை, தட்டிய எழுத்து திரையில் தோன்றுவதில்லை. சில விநாடிகளோ அரை நிமிடமோ கழிந்தபின், ஏதும் நேராததுபோல அது மீண்டும் வேலை செய்யத் தொடங்குகிறது. இவ்வாறு நிகழும்போது உடனே மின்விசையை அணைத்துவிடுவது பலருடைய வழக்கம். இதனால் இரு தீங்குகள் விளைகின்றன. எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு பாதியில் சிதைந்து, ஒரு நாள் முழுதும் பதிந்த விவரங்கள் வீணாகக்கூடும். கோளாற்றின் காரணத்தைக் காட்டும் அறிகுறியும் அக்கணமே மறைந்துவிடும்.

செயலி வேலை செய்யும் முறை

கணிப்பொறியில் கணக்கிடும் உறுப்புக்குச் செயலி என்று பெயர். 3 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள செயலி ஒரு விநாடியில் 300 கோடி முறை துடிக்கிறது. எனினும், அதற்குக் கிடைக்கும் நேரம் வரையறையுள்ளது. ஆகவே இயங்குதளமானது அந்நேரத்தைச் சில மில்லி விநாடி அளவுள்ள கூறுகளாக்கி, பல நிரல்களுக்கும் முறைவைத்துப் பங்கிட்டுத் தருகிறது.

ஓராசிரியர் பள்ளியை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். ஐந்து வகுப்புகளையும் ஒருவரே மாறி மாறிக் கவனிக்கிறார். ஒரு வகுப்பே அவரைப் பிடித்து நிறுத்திக்கொண்டால் மற்ற வகுப்புகள் காத்திருக்க நேரும். அவர் ஓய்வாக இருந்தும், பாடநூல் வந்து சேராமையால் பாடம் நின்றுபோவதும் உண்டு. கடும் வெப்பத்தால் தளர்ந்து அவர் மெதுவாகப் பாடம் நடத்துவதும் உண்டு. கணிப்பொறி நின்று நின்று ஓடுவதற்கும் பெரும்பாலும் இம்மூன்றில் ஒன்றே காரணமாகும்: மிகுந்த வேலை, காத்திருத்தல், வெப்பம். எது காரணம் என்று அறியாமல் செய்யும் பரிகாரம் பயன் தராது.

வேண்டாத வேலை செயலியின் நேரத்தைக் கவர்ந்துகொள்வதற்குப் புகழ்பெற்ற சான்று 1969 ஜூலை 20-இல் நிகழ்ந்தது. அப்போலோ 11 பயணத்தில் ஈகிள் கலம் சந்திரனில் இறங்கிக்கொண்டிருந்தபோது, அதன் கணிப்பொறி 1202, 1201 என்னும் எச்சரிக்கைகளைக் காட்டிற்று. தாய்க்கலத்தைக் கண்டறிவதற்கான ராடாரிலிருந்து வந்த பயனற்ற குறிகள், கணிப்பொறியின் நேரத்தில் ஏறத்தாழ 13 முதல் 15 சதவீதத்தை விழுங்கிவிட்டன. இறங்குவதற்கு இன்றியமையாத வேலைகளை வைத்துக்கொண்டு ஏனையவற்றைக் கைவிடுமாறு அதன் நிரல் அமைக்கப்பட்டிருந்தது. அந்த எண்களின் பொருளை ஹூஸ்டன் நிலையத்தார் ஒத்திகையின் பின்னர் முன்னதாகவே குறித்து வைத்திருந்தனர். அதனால் பதற்றமின்றி மேலே செல்ல அனுமதிக்க முடிந்தது.

முதலிற் செய்ய வேண்டியது

விண்டோஸ் இயங்குதளத்தில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் என்னும் பட்டியல் திறக்கும். லினக்ஸில் 'டாப்' என்னும் கட்டளை இதே பயனைத் தரும். பொறி நின்றபின் இதனைத் திறக்க முயல்வதைவிட, முன்னதாகவே திறந்து வைத்து வேலை செய்வது நன்று. நின்றுபோன நேரம், பட்டியலின் தலைப்பில் இருந்த நிரலின் பெயர், செயலி, நினைவகம், வட்டு ஆகிய மூன்றின் சதவீதம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பட்டியலைப் படிப்பதில் இரு தவறுகள் நேர்வதுண்டு. 'சிஸ்டம் ஐடில் பிராசஸ்' என்பதற்கு எதிரே 95 என்றிருந்தால், செயலி 95 சதவீதம் ஓய்வாக இருக்கிறது என்பதே பொருள். அதனை நிறுத்த முயலுதல் வேண்டா. மேலும், நான்கு கருக்களைக் கொண்டு நான்கு வேலைகளை ஒருங்கே செய்யும் செயலியில், ஒரு நிரல் ஒரு கருவை முழுவதும் பற்றிக்கொண்டாலும் 25 சதவீதம் என்றே காட்டப்படும். எண் சிறிதாக இருப்பதால் அந்நிரல் குற்றமற்றது என்று கொள்ளலாகாது.

காரணமும் பரிகாரமும்

செயலியின் பயன்பாடு 100 சதவீதத்தை நெருங்கியிருந்தால், நச்சுநிரல் தடுப்பான், விண்டோஸ் புதுப்பிப்பு, கோப்புகளுக்கு அட்டவணை இடும் நிரல் ஆகியவற்றை முதலில் நோக்க வேண்டும். இவை தம் வேலை முடிந்ததும் தாமே அடங்கும். நெடுநாள் அணைந்திருந்த பொறியை ஓரிரு மணி நேரம் இயங்க விடுவதே இதற்குப் போதுமானது. வேலையில்லா நேரத்தில் சோதனை நடக்குமாறும் அமைத்துக்கொள்ளலாம். குரோம் உலாவியே காரணமாயின், அதனுள் ஷிப்ட், எஸ்கேப் விசைகளை அழுத்தி, எந்தப் பக்கம் மிகுதியாக உழைக்கிறது என்று கண்டு அதனை மட்டும் மூடலாம். அறியாத பெயருள்ள நிரல் ஓயாமல் ஓடினால், இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு முழுச் சோதனை செய்வது அவசியம். 'சிஸ்டம் இன்டரப்ட்ஸ்' மிகுந்திருந்தால், வெளியே இணைத்த கருவிகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்க வேண்டும்.

செயலி ஓய்வாக இருந்து, வட்டு 100 சதவீதத்தில் நின்றால் அது காத்திருத்தலாகும். நினைவகம் நிரம்பிவிட்டால் இயங்குதளம் வட்டையே துணை நினைவகமாகக் கொள்கிறது. சுழலும் வன்வட்டு சிதறிக் கிடக்கும் தரவுகளை விநாடிக்குச் சுமார் 100 தடவையே தேடி எடுக்க வல்லது, சுழலாத எஸ்.எஸ்.டி. பல்லாயிரம் தடவை எடுக்கும். எனவே நினைவகத்தைக் கூட்டுவதோ எஸ்.எஸ்.டி. பொருத்துவதோ பழைய பொறிக்கும் புத்துயிர் அளிக்கும். ஆனால் வட்டே பழுதடைந்து வருவதாலும் பொறி நின்றுபோகலாம். ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பதிவில் 'டிஸ்க்' என்னும் பெயருடன் 7 என்ற எண் தோன்றினால், வட்டில் கெட்ட பகுதி உள்ளது என்பது பொருள். அப்போது வேறெந்தச் சோதனைக்கும் முன்பாகக் கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்துக்கொள்ள வேண்டும். இவ்வரிசை மாறினால், சோதனையின் உழைப்பிலேயே வட்டு முற்றும் கெட்டு, விவரங்களை மீட்க இயலாமற் போகக்கூடும்.

மூன்றாவது காரணம் வெப்பம். பெரும்பாலான செயலிகள் 100 டிகிரி சென்டிகிரேடை நெருங்கும்போது, தம்மைக் காத்துக்கொள்ளத் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. விசிறி இரைவதும், பிற்பகலில் கோளாறு மிகுவதும் இதன் அறிகுறிகள். மின் இணைப்பை அகற்றி, விசிறியின் இதழ்கள் சுழலாதவாறு பிடித்துக்கொண்டு, தூசியைக் காற்றால் ஊதி நீக்க வேண்டும். மடிக்கணிப்பொறியை மெத்தை மீது வைத்து இயக்கலாகாது.

எந்தப் பரிகாரத்தையும் ஒரு வேளைக்கு ஒன்றாகவே செய்து, அதன் விளைவைக் கண்ட பிறகே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். பலவற்றை ஒன்றாக மாற்றினால், குணம் தந்தது எது என்று தெரியாது. தேதியும் நேரமும், நிரலின் பெயர், மூன்று சதவீதங்கள், செய்த பரிகாரம் என நான்கு கட்டங்கள் கொண்ட குறிப்பேடு ஒன்றைப் பொறியின் அருகில் வைத்திருப்பது நலம். பழுது பார்ப்போரை அழைக்க நேர்ந்தாலும், இயங்குதளத்தை அழித்து மீண்டும் நிறுவும் நிலைக்கு முன்பே அக்குறிப்பேடு அவர்களுக்கு வழிகாட்டும். பள்ளிகளில் அதனை மாணவர்களைக் கொண்டே எழுதச் செய்யலாம். நோக்குதல், குறித்தல், காரணம் காணல் என்னும் அறிவியல் முறைக்கு அதுவே நல்லதொரு செய்முறைப் பயிற்சியாகும்.