பேக்கரிக்குள் புகுந்த கோப்புகள்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், 2010 ஜனவரியில் ஒரு கணினி நிரலைப் படிக்க உட்கார வைத்தார்கள். பெயர் நெல். (வயலில் விளைவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஓயாமல் மொழி கற்கும் நிரல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்.) இராப்பகலாக இணையப் பக்கங்களைப் படித்து, உலகத்தைப் பற்றிய தகவல்களைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். பேராசிரியர் டாம் மிட்செலின் குழு அதற்கு இட்ட வேலை அவ்வளவுதான்.

கையில் கொடுத்த முதலீடு சொற்பம். நகரம், நிறுவனம், விளையாட்டு அணி என்று சில நூறு வகைகள். ஒவ்வொன்றுக்கும் 10, 15 மாதிரிகள். ‘பாரிஸின் மேயர்’, ‘லண்டனின் மேயர்’ என்று அடிக்கடி கண்ணில் பட்டால், மேயரோடு ஒட்டி வரும் பெயர் நகரமாகத்தான் இருக்கும் என்று நெல் ஊகித்துக்கொள்ளும். அந்தத் தொடரை வைத்துப் புதுப் பெயர்களைப் பிடிக்கும். அந்தப் பெயர்களை வைத்துப் புதுத் தொடர்களைப் பிடிக்கும்.

வினையும் இதிலேதான். பேக்கரிப் பண்டங்கள் பட்டியலில் குக்கீஸ் இருப்பது நியாயம். ஆனால் நாம் பார்க்கும் இணையதளங்கள் நம் கணினியில் விட்டுச்செல்லும் சிறு குறிப்புகளுக்கும் அதே பெயர். இந்த ‘இன்டர்நெட் குக்கீஸை’யும் தின்பண்டக் கணக்கிலேயே எழுதிக்கொண்டது நெல். ‘குக்கீஸை அழித்தேன்’ என்று பலர் எழுதியிருந்தார்கள். ‘கோப்புகளை அழித்தேன்’ என்றும் எழுதியிருந்தார்கள். அழிக்கப்படுவது பண்டம் என்றால் கோப்பும் பண்டம்தானே? கோப்புகளும் பேக்கரிக்குள் வந்துவிட்டன. நிரலைக் கோபித்துப் பயனில்லை, சொல்லிக்கொடுத்தபடிதான் நடந்திருக்கிறது.

இப்படி நடக்கும் என்பது குழுவுக்குத் தெரியாததல்ல. அதனால்தான் நெல்லை ஒற்றை வாசகராக விடவில்லை. ஒரு பகுதி வாக்கியத் தொடர்களைப் பார்க்கும். இன்னொன்று பக்கங்களில் உள்ள பட்டியல்களையும் அட்டவணைகளையும் பார்க்கும். மற்றொன்று சொல்லின் எழுத்தமைப்பைப் பார்க்கும். பல பகுதிகள் ஒத்துச் சொன்னால் நம்பிக்கை கூடும். நகரமாக இருப்பது மனிதராக இருக்க முடியாது என்பது போன்ற தடைகளும் உண்டு.

அப்படியும் ஆறு மாதத்தில் ஏறக்குறைய கால்வாசி வகைகள் தடுமாறின. ஜூனிலிருந்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வகைக்கு ஐந்து நிமிடம் மனிதர்கள் பார்த்துப் பளிச்சென்று தெரியும் தவறுகளைத் திருத்தினார்கள். அந்த அக்டோபருக்குள் சேர்ந்த தகவல்கள் சுமார் 3,90,000. துல்லியம் ஏறத்தாழ 87 சதவீதம். பிரமாதமான நுட்பங்களைவிட அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

இன்றைய உரையாடல் செயலிகளும் இணையத்தைப் படித்தே வளர்ந்தவைதான். ஆனால் அவை தகவல்களை வரிவரியாகக் கணக்கில் எழுதுவதில்லை. அடுத்த சொல் எதுவாக இருக்கும் என்று கணிக்கக் கற்கின்றன. நெல்லின் பதிவேட்டில் ஒவ்வொரு வரிக்கும் எவ்வளவு நம்பலாம், எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்பு இருந்தது. இன்றைய செயலி தவறாக ஒன்றைச் சொன்னால், அதை எங்கே படித்தது என்று உள்ளே திறந்து காட்டுவது கடினம். பதில் சொல்லுமுன் ஆவணங்களைத் தேடி எடுத்து, அவற்றைப் பார்த்துச் சொல்லும்படி இப்போது பல செயலிகளை அமைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.