காஸ் அடிக்க முன் லீக்கைத் தேடுங்கோ: சோஹாரில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு

சோஹாருக்குப் புதிதாக வந்த நீங்கள் நண்பர்களோடு சேர்ந்து பழைய கார் ஒன்றைப் பாவிக்கிறீர்களா? வெயில் ஏறியதும் ஏசி குளிராமல் போகும். சனையாவில் உள்ள கராஜுக்குக் கொண்டு போவீர்கள். "காஸ் முடிஞ்சுது" என்று சொல்லி அடித்து விடுவார்கள். இரண்டு கிழமை நல்லாக் குளிரும். பிறகு திரும்பவும் அதே கதை, அதே செலவு.

ஏசி காஸ் பெற்றோல் மாதிரி எரிந்து முடிகிற சாமான் இல்லை. அது மூடிய குழாய்களுக்குள்ளே சுற்றிச் சுற்றி வருவது. பல வருடங்களில் கொஞ்சம் குறைவது வழமை. கிழமைக் கணக்கில் குறைந்தால் எங்கேயோ லீக் இருக்கிறது. அதை அடைக்காமல் காஸ் அடிப்பது ஓட்டை வாளிக்குள் தண்ணி ஊற்றுவது போலத்தான்.

ஆனால் குளிராததெல்லாம் லீக்கும் இல்லை. முன்பக்க விசிறி சுற்றுகிறதா, காற்றுப் பில்டர் தூசியால் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கோ. காருக்குக் கீழே தண்ணி சொட்டுவதைக் கண்டும் பயப்பட வேண்டாம். சோஹார் கடற்கரை ஊர். இங்கத்தைய ஈரக் காற்று உள்ளே குளிர்ந்து தண்ணியாகி வடிகிறது. ஏசி வேலை செய்வதற்கு அது நல்ல அடையாளம்.

லீக்கை நீங்களே ஓரளவு தேடலாம். எஞ்சினை நிறுத்தி, சூடு ஆறவிட்டு, ரோச் லைட்டோடு பாருங்கோ. காஸோடு சேர்ந்து உள்ளே ஒயிலும் ஓடுகிறது. காஸ் கசிகிற இடத்தில் ஒயிலும் வரும், அதில் தூசி ஒட்டிக் கறுப்பாக இருக்கும். ரேடியேற்றருக்கு முன்னால் இருக்கும் கொண்டென்சரை நல்லாக் கவனியுங்கோ. மெல்லிய அலுமினியம். பாத்தினா நெடுஞ்சாலையில் தெறிக்கும் கல்லும் கடல் உப்பும் அதைத்தான் முதலில் தாக்கும். பிறகு குழாய்ப் பூட்டுகள், கொம்பிரசரின் முன்பக்கம், காஸ் அடிக்கிற இரண்டு வாய்கள். அந்த வாய்களுக்கு மூடி இல்லாவிட்டால் கட்டாயம் வாங்கிப் போடுங்கோ.

சந்தேகமான இடத்தில் சவர்க்காரத் தண்ணியைத் தடவிவிட்டுப் பொறுமையாகப் பாருங்கோ. குமிழி வந்தால் லீக் அங்கேதான். வராவிட்டால் லீக் இல்லை என்று அர்த்தமில்லை, சின்ன லீக் சவர்க்காரத்துக்குப் பிடிபடாது. எந்தப் பூட்டையும் நீங்கள் கழற்ற வேண்டாம். ஆர்-134ஏ காஸ் -26 பாகையில் கொதிக்கும். கண்ணிலோ கையிலோ பட்டால் அந்த இடத்தை உறைய வைத்துப் புண்ணாக்கிவிடும்.

மிச்ச வேலை கராஜுக்கு. மெக்கானிக் தமிழ் தெரியாதவராக இருந்தால் "பாய், பெஹ்லே லீக் செக் கரோ, பிர் கேஸ் பரோ" என்று சொல்லுங்கோ, விளங்கும். நல்ல கராஜில் லீக்கை மணந்து பிடிக்கிற மின்கருவி இருக்கும். இந்தக் காஸ் காற்றை விடப் பாரமானது, அதனால் கருவியைக் குழாய்க்குக் கீழ்ப்பக்கமாக மெதுவாகக் கொண்டு போக வேண்டும். பெரிய விசிறிக்குப் பக்கத்தில் வைத்துத் தேடினால் பிடிபடாது. இன்னொரு வழி, சாயம் கலந்து விட்டுச் சில நாள் ஓடச் சொல்வார்கள். பிறகு ஊதா விளக்கில் லீக் பச்சை மஞ்சளாக ஒளிரும். டாஷ்போட்டுக்குள் இருக்கும் லீக் கண்ணுக்குத் தெரியாது. தண்ணி வடிகிற குழாயில் சாயம் ஒளிர்ந்தால் சந்தேகம் அங்கேதான்.

காஸ் வெளியே எடுத்த பிறகு நைதரசன் அடித்துச் சோதிப்பது நல்லது. ஒட்சிசன் அடிக்க விடவே வேண்டாம், ஒயிலோடு சேர்ந்து வெடிக்கும். வக்கியூம் இழுத்துவிட்டுக் கேஜ் முள் ஏறுகிறதா என்றும் பார்ப்பார்கள். அதில் லீக் உண்டா என்று தெரியும், எந்த இடம் என்று தெரியாது.

கேஜை மட்டும் பார்த்து "காஸ் சரி" என்றால் நம்ப வேண்டாம். எஞ்சின் நிற்கும்போது உள்ளே கொஞ்சம் திரவம் இருந்தாலே 40 பாகை வெயிலில் முள் 9 பார் அளவு காட்டும். நிறைய இருந்தாலும் அதேதான். சரியான அளவு நிறுத்துத்தான் தெரியும். எத்தனை கிராம், எந்த வகைக் காஸ் என்று பொனற்றுக்குள் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். புதிய கார் சிலவற்றில் வேறு வகைக் காஸ். ஒன்றுக்கு மற்றதை அடிக்கக் கூடாது.

மலிவு விலைச் சிலிண்டருக்கு ஆசைப்படாதேங்கோ. 2011இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிர் கொள்கலன்கள் வெடித்து மூன்று தொழிலாளர்கள் செத்தார்கள். ஆர்-134ஏ என்ற பெயரில் போலிக் காஸ் உள்ளே போயிருந்தது. அதில் கலந்திருந்த மெதைல் குளோரைட் அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டவுடன் தீப்பற்றும் பொருளை உண்டாக்கியது. கார் ஏசியிலும் அலுமினியம்தான் நிறைய. லீக்கை அடைக்கும் மருந்து என்று விற்கிற டின்னும் வேண்டாம், அது குழாயையும் கராஜின் மெசினையும் அடைத்துவிடும்.

முல்கியா வேறொருவர் பெயரில் இருந்தால் வேலைக்குக் கொடுக்க முன் அவரிடம் கேளுங்கோ. எங்கே லீக், என்ன மாற்றினார்கள், எத்தனை கிராம் அடித்தார்கள் என்று பில்லில் எழுதி வாங்குங்கோ. திரும்பவும் குளிராவிட்டால் அந்தப் பில்லோடு அதே கராஜுக்குப் போகலாம்.