இரவல் வாகனமும் காப்புறுதியும்

மோட்டார்க் காப்புறுதி வாகனத்துக்கு உரியதா, அதனைச் செலுத்துவோனுக்கு உரியதா என்னும் வினா, வாகனம் இரவலாகக் கைமாறும்போதே கூர்மையடைகின்றது. காருக்குக் காப்புறுதி உண்டாயின் அதனை எவர் செலுத்தினும் பாதுகாப்புண்டு என்பது பொதுமக்கள் நம்பிக்கை. ஆயின், காப்புறுதி என்பது அடிப்படையில் இருவருக்கிடையே எழும் ஒப்பந்தமாகும். இரவல் பெற்றவன் அவ்வொப்பந்தத்தில் மூன்றாமவன். இம்மூன்றாமவனை எவ்வாறு உள்ளே கொணர்வது என்பதே ஆங்கிலச் சட்டம் எதிர்நோக்கிய சிக்கல்.

1924இல் வில்லியம்ஸ் எதிர் பால்ற்றிக் காப்புறுதிக் கம்பனி என்னும் வழக்கில் இதற்கு ஒரு வழி காணப்பட்டது. சொந்தக்காரரின் சம்மதத்துடன் வாகனத்தைச் செலுத்தும் உறவினர், நண்பர் ஆகியோருக்கும் பத்திரம் விரிந்திருந்தது. விபத்தை ஏற்படுத்தியவர் சொந்தக்காரரின் சகோதரி. சகோதரியின் பொருட்டுச் சொந்தக்காரரே கம்பனியிடம் பணம் பெறலாம் என நீதிமன்றம் ஏற்றது. ஆனால் சொந்தக்காரர் வாளாவிருந்தால் யாது செய்வது? பிரித்தானிய கொலம்பியாவிலிருந்து கோமறைக் கழகம் வரை சென்ற வண்டபிற் வழக்கு இதனை வெளிப்படுத்திற்று. தந்தையின் காரை அவரது அனுமதியுடன் செலுத்திய மகளின் கவலையீனத்தால் ஒருவர் காயமுற்றார். மகளுக்கு எதிராகத் தீர்ப்புக் கிடைத்தது; பணம் கிடைக்கவில்லை. காயமுற்றவர் கம்பனியை நாடியபோது, மகள் ஒப்பந்தத்தின் தரப்பினளும் அல்லள், தந்தை அவளுக்கு நம்பிக்கைப் பொறுப்பாளராக ஒப்பந்தஞ் செய்தவரும் அல்லர் எனக் கூறிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. தருக்கமுறையிற் குறை காண்பது அரிது. நீதியின் நோக்கிலோ இத்தீர்ப்பு வறட்சியானது.

பிரித்தானியாவிற் கட்டாயக் காப்புறுதியை ஏற்படுத்திய 1930ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டம் இவ்விடர்ப்பாட்டை நீக்கியது. பத்திரத்திற் குறிக்கப்பட்ட ஆட்களுக்கும் காப்புறுதியாளர் நேரடியாகப் பொறுப்பாவார் என அது விதித்தது. பத்திரத்திற் குறிக்கப்படாத ஒருவனிடம் வாகனத்தை ஒப்படைத்தால் என்னாகும் என்பதற்கு விடை கூறியது மொங்க் எதிர் வார்பி வழக்கு. வார்பி தம் காரை நண்பரொருவருக்கு இரவல் கொடுத்தார். வார்பியின் காப்புறுதி பிறர் செலுத்துவதைத் தழுவவில்லை. நண்பரின் அனுமதியுடன் வேறொருவர் செலுத்துகையில் கார் ஒரு பஸ்ஸுடன் மோதிற்று. பஸ் சாரதி மொங்க் காயமுற்றார். காரைப் பெற்றவருக்கோ செலுத்தியவருக்கோ காப்புறுதியுமில்லை, வசதியுமில்லை. சட்டம் விதித்த தண்டனையே போதுமானது, குடியியற் பொறுப்பு எழாது என்ற வாதத்தை மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. காப்புறுதியற்றவர் செலுத்த இடமளித்த சொந்தக்காரரே நட்டஈட்டுக்குப் பொறுப்பாளரானார். அவர் எவ்விதக் கவலையீனமும் புரியவில்லை என்பது கவனிக்கத்தக்கது. நட்பின் பேரில் திறப்பைக் கொடுத்தமையே அவரது தவறாயிற்று. கடுமையாகத் தோன்றினும், வீதியிற் காயமுற்றவனை நோக்க இது பொருந்திய முடிபென்றே கூறவேண்டும். காப்புறுதியற்ற சாரதிகளால் ஊறுபட்டோருக்கு ஈடுசெய்யும் பணியகம் பிரித்தானியாவில் 1946இல் அமைந்தபின் இவ்வழிக்கான தேவை குறைந்தது.

இலங்கையின் 1951ஆம் ஆண்டு 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் மூன்றாந்தரப்பு இடர்களுக்கான காப்புறுதியைக் கட்டாயமாக்கி, தீர்ப்புப் பெற்றவருக்குப் பணஞ் செலுத்தும் கடமையைக் காப்புறுதியாளர்மீது சுமத்திற்று.

இரவல் பெறுவோனின் சொந்தப் பத்திரமும் சிலவேளை துணைபுரியும். தனக்குச் சொந்தமல்லாத காரைச் செலுத்துவதற்கும் பாதுகாப்பளிக்கும் வாசகம் பிரித்தானியப் பத்திரங்கள் சிலவற்றில் உண்டு. அதற்கு எல்லைகளும் உள. சொந்தக் கார் கைவிட்டுப் போயின் அதனைச் சார்ந்து நின்ற இவ்விரிவும் ஒழியும் என 1935இல் தற்றர்சோல் எதிர் டிறைஸ்டேல் வழக்கிற் கூறப்பட்டது. அன்றியும், இவ்விரிவு பெரும்பாலும் பிறருக்கு விளையும் ஊறுக்கே உரியது. இரவல் வாங்கிய கார் நொறுங்கினால், அதன் சொந்தக்காரரின் பத்திரம் அவ்விழப்பைத் தழுவாதவிடத்து, திருத்தச் செலவு இரவல் வாங்கியவனின் தலையிலேயே விழக்கூடும்.