கான் தாண்டும்போது கார் ஏன் முனகுகிறது?

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் வீதியில் தலவாக்கலை தாண்டிவிட்டால், தோட்டங்களுக்குள் பிரியும் பாதைகள் இரு பக்கமும் வந்துகொண்டே இருக்கும். தார் முடிந்து கல் தொடங்கும் இடத்தில் பெரும்பாலும் குறுக்கே ஒரு கான் ஓடும். பாதை வளைந்து பிரிவதால் எந்த வண்டியும் அதை நேராகக் கடக்க முடியாது. முன்சில்லு ஒன்று முதலில் இறங்கும். அது ஏறும்போது மற்ற முன்சில்லு இறங்கும். பிறகு பின்சில்லுகள் ஒவ்வொன்றாக. ஒரு கானைத் தாண்டி முடிவதற்குள் வண்டி இரு பக்கமும் மாறி மாறி முறுக்கப்பட்டுவிடும், ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி.

கொழுந்து லொறி அப்படி ஒரு இடத்தைக் கடப்பதைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். முன்னால் கெபின் ஒரு பக்கம் சாய, பின்னால் பலகைப் பெட்டி மறுபக்கம் சாயும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு ஓரத்தில் சுருங்கி மறு ஓரத்தில் விரியும். பின்னால் வருகிற குடும்பக் காரில் எதுவும் அசைந்தது போலத் தெரியாது. ஆனால் உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கும்: கதவோரம் ஒரு ‘கிறீச்’, டாஷ்போர்டுக்குள் ஒரு ‘டிக்’, பின்னிருக்கைக்கு அடியில் ஒரு நீளமான முனகல்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இந்தச் சத்தத்தைக் கேட்டதும் சொல்லும் தீர்ப்பு: “பொடி லூஸ்.” இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் இருக்கிற காரையே ஓட்ட வேண்டி வந்ததில் இந்தத் தீர்ப்பு அடிக்கடி காதில் விழுந்தது. அதில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதி காருக்குச் செய்யும் அநியாயம்.

முதலில் காரும் முறுகத்தான் செய்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எவ்வளவு என்று ஒரு தோராயக் கணக்குப் போடலாம். ஆயிரம் கிலோ எடையுள்ள சிறிய கார். முன்சில்லுகள் 600 கிலோவையும் பின்சில்லுகள் 400 கிலோவையும் தாங்குகின்றன. இடது வலது சில்லுகளுக்கு இடையே 1.4 மீற்றர். கானில் வண்டி முறுகிக்கொண்டே போய், கடைசியில் எடை குறைந்த பின்பக்கத்தில் ஒரு சில்லு தரையை விட்டு எழும்பும். அந்தக் கணத்தில் காரின் உடலை முறுக்கும் விசை ஏறக்குறைய 2,700 நியூட்டன் மீற்றர். அதற்கு மேல் போகாது, ஏனென்றால் சில்லுதான் காற்றில் நிற்கிறதே.

உடலை ஒரு பாகை முறுக்க எத்தனை நியூட்டன் மீற்றர் வேண்டும் என்பதே பொறியியலாளர்கள் பேசும் முறுக்கு விறைப்பு. பழைய சிறிய கார்களில் அது சில ஆயிரம். இன்றைய நல்ல கார்களில் 20,000ஐத் தாண்டும். 5,000 உள்ள காரில் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையே அரைப்பாகைக்குச் சற்றுக் கூடுதலான முறுகல். காரின் அகலத்தில் அது 13 மில்லிமீற்றர் ஏற்றத்தாழ்வு! 20,000 உள்ள காரில் மூன்றரை மில்லிமீற்றர்கூட இல்லை. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் விடப்படும் இடைவெளியே நான்கைந்து மில்லிமீற்றர்தான் என்பதை வைத்துப் பாருங்கள்.

இந்த விறைப்பு எங்கிருந்து வருகிறது? தகரம் தடித்ததாலா? காரின் தகரம் பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீற்றரை ஒட்டியதுதான். ஜெர்மனியில் பளுதூக்கி இயந்திரங்கள் செய்துவந்த ருடோல்ஃப் பிரெட் என்ற பொறியியலாளர் 1896இல் இதற்கான கணக்கை எழுதி வைத்தார். மெல்லிய தகரக் குழாயின் முறுக்கு விறைப்பு, அது எவ்வளவு பரப்பைச் சுற்றி மூடியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பத்து சென்ரிமீற்றர் விட்டமும் ஒரு மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள குழாயை நீளவாக்கில் ஒரே ஒரு கோடாக அறுத்துவிடுங்கள். ஒரு கிராம் தகரத்தைக்கூட வெளியே எடுக்கவில்லை. ஆனாலும் முறுக்கு விறைப்பு 7,500இல் ஒரு பங்காக விழுந்துவிடும். எழுத்துப் பிழை இல்லை, ஏழாயிரத்து ஐந்நூறுதான்.

லொறியின் ரகசியமும் இதுவே. அதன் அடிச்சட்டத்தின் நீளச்சட்டங்கள் ஒரு பக்கம் திறந்த வாய்க்கால் வடிவத்தில் செய்யப்படுபவை. திறந்த வடிவம் எளிதில் முறுகும், அதனால் மேடுபள்ளத்தில் எல்லாச் சில்லுகளும் தரையைப் பிடித்துக்கொள்ளும். முறுகட்டும் என்றே கட்டிய வண்டி அது. தோட்டத்துத் துரைமார் ஓட்டிய லேண்ட் ரோவர் வேறு வகை: எஃகுப் பட்டைகளைப் பெட்டிபோல் பற்றவைத்த சட்டம், அதன் மேல் போல்ட் போட்டு முடுக்கிய அலுமினியத் தகடுகள். 1948இல் அது வெளிவந்த நாளிலிருந்து கடகடத்துக்கொண்டே இருக்கிறது. யாரும் குறை சொன்னதில்லை. குடும்பக் காரிடம்தான் நாம் அமைதியை எதிர்பார்க்கிறோம்.

குடும்பக் காருக்குத் தனிச் சட்டம் கிடையாது. தரை, கூரை, கதவுத் தூண்கள், பக்கப்பலகைகள் எல்லாம் சேர்ந்த கூடே சட்டம். பழைய தேயிலைப் பெட்டியைக் கையாண்டவர்களுக்கு இது விளங்கும். மெல்லிய ஒட்டுப்பலகை, விளிம்புகளில் தகரப் பட்டி, உள்ளே ஈயத்தாள் போன்ற உறை. மூடி இல்லாதபோது எதிரெதிர் மூலைகளைப் பிடித்து அழுத்தினால் வாய் சாய்சதுரமாகக் கோணும். மூடியை வைத்துச் சுற்றிவர ஆணி அடித்துவிட்டால் ஆள் ஏறி நிற்கலாம். மூடியும் அதே மெல்லிய பலகைதான். தேயிலை இப்போது கடதாசிச் சாக்கில் கொழும்புக்குப் போகிறது, ஆனால் அந்தப் பெட்டிகள் சில லயத்துக் காம்பராக்களில் துணி வைக்கவும் அரிசி வைக்கவும் இன்னும் இருக்கின்றன.

இலங்கையின் வீதிகளில் இந்த வகைக் கூட்டை ஊருக்கு ஊர் பழக்கிய கார் மொரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் இலண்டனில் காட்சிக்கு வந்தது. பத்து இலட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார் என்ற பெயரை 1961இல் எடுத்தது. தயாரிப்புக்குப் போகும் நேரத்தில் கார் ஒடுங்கலாக இருப்பதாக இசிகோனிஸுக்குத் தோன்ற, மாதிரி வண்டியை நீளவாக்கில் நடுவால் அறுத்து, இரு பாதிகளையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, நாலு அங்குலம் அகட்டினார். பொனட்டின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்த நாலு அங்குலம்தான். 1953இல் வந்த டிரவலர் ரகத்தின் பின்பகுதி மரச்சட்டம் அழகுக்கு வைத்ததில்லை. காரின் சுமையைத் தாங்குகிற உறுப்பு. உக்கினால் கூடே பலவீனப்படும். பழைய மைனரின் கூரையை வெட்டித் திறந்த காராக்க நினைப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: திறந்த ரகத்தைத் தொழிற்சாலை செய்தபோது கதவுக்கடியிலும் தூண்களின் அடியிலும் கூடுதல் தகடு வைத்தது. மூடியைக் கழற்றிய பெட்டிக்கு வேறு வழியில் விறைப்புக் கொடுத்தே ஆக வேண்டும்.

கூடு என்றால் பொருத்துகள் உண்டு. இன்றைய காரில் ஆயிரக்கணக்கான புள்ளிப் பற்றவைப்புகள் இருக்கின்றன. முன்கண்ணாடியும் கடினமான பசையால் ஒட்டப்பட்டு, கூட்டின் விறைப்பில் பங்கேற்கிறது. மைனரில் அது ரப்பர் வளையத்தில் வெறுமனே உட்கார்ந்திருந்தது.

“பொடி லூஸ்” என்ற தீர்ப்பில் உள்ள அநியாயம் இங்கேதான். எஃகின் விறைப்பு வயதால் குறைவதில்லை. ஐம்பது வருடம் ஆன தகட்டை வளைக்கவும் புதிய தகட்டுக்கு வேண்டிய அதே விசைதான் வேண்டும். கார் தளர்வதானால் இரண்டு வழிகளில்தான் தளரும்: பற்றவைப்பு விட வேண்டும், அல்லது துரு பிடிக்க வேண்டும். மலைநாட்டில் இரண்டாவதற்குத்தான் வேலை அதிகம். கதவுக்கு அடியில், முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் நடுவே ஓடும் வாசல்சட்டத்தைக் குனிந்து பாருங்கள். அது உள்ளே வெற்றான ஒரு குழாய். அடியில் சிறுவிரல் நுனி அளவு ஓட்டைகள் சில இருக்கும், உள்ளே போகும் தண்ணீர் வடிவதற்கு. தோட்டப் பாதையின் செம்மண் சேறு அவற்றை அடைத்துவிடும். மேலே வர்ணம் பளபளக்க, உள்ளே மூடுபனியின் ஈரமும் சேறும் பொருத்தின் ஓரமாக நாள்கணக்கில் ஊறும். ஒருநாள் பொருத்து நீளமாக விட்டுக்கொடுக்கும். அப்போது அது பிரெட்டின் அறுத்த குழாய். எடையில் ஒன்றும் குறையவில்லை. முறுக்கைத் தாங்கும் வலு மட்டும் போய்விட்டது. டிங்கர் பாஸ் அந்த இடத்தில் பூச்சு வைத்துத் தேய்த்து வர்ணம் அடித்தால் கண்ணுக்கு நல்லது, விறைப்புக்கு ஒரு பயனும் இல்லை. தகடு வெட்டிப் பற்றவைத்தால்தான் குழாய் மறுபடி மூடும்.

சத்தத்தின் கதை தனி. இரண்டு பரப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும்போது அவற்றை அசைக்கத் தேவைப்படும் விசை, அசைந்து வழுக்கும்போது தேவைப்படுவதைவிடக் கூடுதல். கார் மெதுவாக முறுகுகையில் கதவின் ரப்பரும் சட்டமும் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டே இழுபடும். தாங்க முடியாமல் போனதும் சட்டென்று வழுக்கும். உடனே மறுபடி ஒட்டும். நொடிக்குச் சில நூறு தடவை இது நடந்தால் காதுக்கு ஒரே சுருதியாக, ‘கிறீச்’ என்று விழும். வயலின் வில் தந்தியை ஒலிக்கவைப்பதும் இதே முறையில்தான். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன், நோபல் பரிசு தந்த ஒளி ஆய்வுக்கு வெகு முன்பே, 1918இல் வில்லால் மீட்டப்படும் தந்தியின் அசைவு பற்றி ஒரு நீண்ட ஆய்வை வெளியிட்டார். வயலினைத் தானே மீட்டும் இயந்திரம் ஒன்றையும் செய்து பார்த்தார். அவர் ஆராய்ந்த அதே ஒட்டலும் வழுக்கலும் நம் கதவு ரப்பரில் சுருதி சேராமல் நடக்கிறது.

ஆகவே நல்ல விறைப்பான காரும் கத்தலாம், துருப்பிடித்துத் தளர்ந்த காரும் வாய் திறக்காமல் இருக்கலாம். உராய இரண்டு பரப்புகள் கிடைக்கின்றனவா என்பதே கேள்வி.

நுவரெலியாவின் குளிர் இதில் ஒரு கைபார்க்கும். 1,868 மீற்றர் உயரத்தில் ஜனவரி, பெப்ரவரி விடியல்களில் வெப்பநிலை பூச்சியத்தை நெருங்கி, உறைபனியில் கொழுந்து கருகும். அந்தக் காலையில் ரப்பர் புஷ்கள் விறைத்திருக்கும்; டாஷ்போர்ட் சுருங்கியிருக்கும். பிளாஸ்டிக் வெப்பத்துக்கு விரிவது எஃகைவிடப் பல மடங்கு. 1.4 மீற்றர் நீள டாஷ்போர்ட் 20 பாகை சூடேறினால் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் நீளும்; அதைத் தாங்கும் எஃகுச்சட்டம் அரை மில்லிமீற்றர்கூட நீளாது. அந்த வித்தியாசத்தை ஏதாவது ஒரு கிளிப் சமாளிக்க வேண்டும். காலை ஏழு மணிக்குக் கேட்ட சத்தம், வெயில் ஏறியதும் கராஜில் காட்டப் போகையில் காணாமல் போவது இதனால்தான். பாஸ் நம்மைச் சந்தேகமாகப் பார்ப்பார். பாவம், அவர்மீதும் குற்றமில்லை.

தேடுவதற்குச் சுலபமான வழி, வண்டியை ஓட்டாமல் முறுக்குவது. ஒரு முன்சில்லை மட்டும் பாதையோர மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பாருங்கள். வழக்கம்போல மூடினால் கூடு நலம். பூட்டு இடிக்கிறது, கதவைத் தூக்கி அடைக்க வேண்டியிருக்கிறது என்றால் பிணைச்சல் தேய்ந்திருக்கலாம். மட்டமான தரையில் சரியாக மூடும் கதவு அங்கே மட்டும் இடித்தால், வாசல்சட்டத்தைச் சுத்தியலின் பிடியால் தட்டிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. கதவு ரப்பரில் சிலிக்கோன் பூசியதும் சத்தம் போய்விட்டால் கவலையை விடலாம். பழைய எஞ்சின் ஒயிலை மட்டும் பூசாதீர்கள். பிளேட் ஸ்பிரிங்குக்கு அடிக்கிற பழக்கத்தில் சிலர் எல்லா இடத்துக்கும் அடித்துவிடுகிறார்கள். அந்த ஒயில் இயற்கை ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

கார்கள் வருடத்துக்கு வருடம் விறைத்துக்கொண்டே வந்தும் முனகல் பற்றிய முறைப்பாடு குறையவில்லை. காரணம் மறுபக்கத்தில் இருக்கிறது: மற்றச் சத்தங்கள் போய்விட்டன. நுவரெலியாவிலிருந்து இறம்பொடைப் பக்கம் ஹைப்ரிட் காரில் இறங்கினால், பெட்டரி நிறையும் வரை எஞ்சின் வாயே திறக்காது. மைனரின் உறுமலில் அடிபட்டுப் போயிருக்கக்கூடிய ஒரு கிளிப்பின் ‘டிக்’ அங்கே துல்லியமாகக் கேட்கும். அதனால்தான் உற்பத்தியாளர்கள் வயர்க்கட்டுகளைச் சுற்றிப் பஞ்சுபோன்ற துணிநாடா ஒட்டுகிறார்கள். உராயும் இரண்டு பிளாஸ்டிக்குகள் ஒன்றோடொன்று கத்தாத ஜோடியாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த நாடாவைக் கராஜிலும் ஒட்டலாம். நாடாவுக்கு ஆகும் காசு சொற்பம். அதை ஒட்ட டாஷ்போர்டை முழுதாகக் கழற்ற வேண்டும், கூலி அங்கேதான் ஏறும்.