தாமரைக் குளத்தின் கீழ் ஒரு பகல்

கதைப் பூங்கா என்பது, குழந்தைகள் நூலில் படித்த, அல்லது வீட்டுப் பெரியவர்களிடம் கேட்ட கதைகளின் மாந்தரையும் விலங்குகளையும் செடிகொடிகளுக்கு இடையே உருவங்களாக அமைத்து, அவற்றினூடே குழந்தைகள் நடந்தும் ஏறியும் நுழைந்தும் அக்கதையைத் தாமே மீண்டும் நிகழ்த்திப் பார்க்க இடந்தரும் தோட்டமாகும். அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில் மெரிட் ஏரிக்கரையில் 1950-இல் திறக்கப்பட்ட பூங்கா இவ்வகையில் முன்னோடி. டிஸ்னிலாந்தை உருவாக்கும் முன்பே வால்ட் டிஸ்னி அதை நேரில் வந்து பார்த்தார். நெதர்லாந்தின் எஃப்டலிங் பூங்காவில் தேவதைக் கதைக் காடு 1952-இல் தோன்றியது. மும்பை மலபார் குன்றின் கமலா நேரு பூங்காவில் பெரிய காலணி வடிவில் ஒரு வீடு நிற்கிறது. காலணிக்குள் பிள்ளைகளோடு குடியிருந்த கிழவியைப் பற்றிய ஆங்கில மழலைப் பாட்டிலிருந்து வந்தது அவ்வீடு.

அப்பாட்டை அறிந்த குழந்தைக்கு அது கிழவியின் வீடு. அறியாத குழந்தைக்கு ஏறி இறங்கும் கட்டடம் மட்டுமே. கதையை முன்பே மனத்தில் ஏந்தி வருபவருக்குத்தான் இத்தகைய தோட்டம் முழுமையாகப் பொருள்படுகிறது என்பதால், எந்த ஊரில் எந்தக் கதைகள் உருவம் பெறுகின்றன என்பது, சிமெண்டையும் வண்ணத்தையும் காட்டிலும் முதன்மையான கேள்வியாகிறது.

இக்கேள்விக்குப் புதுக்கோட்டை மாவட்டம் சொல்லக்கூடிய விடை வளமானது. குழந்தைக் கவிஞர் எனப் போற்றப்படும் அழ. வள்ளியப்பா (1922–1989) பிறந்த இராயவரமும், வாண்டுமாமா என்ற புனைபெயரில் தலைமுறைகளை ஈர்த்த வி. கிருஷ்ணமூர்த்தி (1925–2014) பிறந்த அரிமளமும் இம்மாவட்டத்து ஊர்களே. வள்ளியப்பா வங்கிப் பணியில் இருந்துகொண்டே ‘மலரும் உள்ளம்’ முதலிய பாடல் தொகுதிகளைத் தந்ததோடு, ஈசாப் கதைகளையும் பாடல்களாக்கினார். வாண்டுமாமா ‘பூந்தளிர்’ இதழின் ஆசிரியராக விளங்கினார். 1940-களிலும் 1950-களிலும் புதுக்கோட்டையிலிருந்தும் அதை ஒட்டிய செட்டிநாட்டு ஊர்களிலிருந்தும் சிறுவர் இதழ்கள் பல வெளிவந்தன என்பது தமிழ்ச் சிறுவர் இலக்கிய வரலாற்றில் போதிய கவனம் பெறாத பெருமை.

இவற்றுக்கெல்லாம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட படக்கதை ஒன்று புதுக்கோட்டைக்கு வடமேற்கே, சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில், சித்தன்னவாசல் குன்றின் அறிவர் கோயிலில் இருக்கிறது. இது குடைவரை, அதாவது பாறையைக் குடைந்தே அமைத்த கோயில். பாண்டியன் அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்பவர் இதன் அர்த்தமண்டபத்தை, அதாவது கருவறைக்கு முன்னுள்ள மண்டபத்தை, புதுப்பித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. அம்மண்டபத்தின் விதானத்தில், அதாவது மேற்கூரையின் உட்புறத்தில், ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டுள்ளது. இலைகளும் மொட்டுகளும் விரிந்த மலர்களும் நிறைந்த அந்நீரில் மீன்கள் நீந்துகின்றன. வாத்துகளும் எருமைகளும் யானைகளும் திரிகின்றன. மூவர் பூப் பறிக்கின்றனர். ஒருவரது கையில் பூக்கூடை தொங்குகிறது. சற்றுத் தள்ளி நிற்பவர் தாமரைகளைத் தண்டோடு தோளில் சுமந்திருக்கிறார். முற்றறிவு எய்திய சமண ஆசானாகிய தீர்த்தங்கரர் அறம் உரைப்பதற்காகத் தேவர்கள் அமைக்கும் சமவசரணம் என்னும் மண்டபத்தை அடையும் வழியில், அடியார்கள் கடக்கும் குளம் இது என்பது சமண மரபை ஒட்டிய விளக்கம். ஓவியம் பல இடங்களில் சிதைந்திருப்பது வருத்தத்திற்குரியது. ஆயினும் எஞ்சியிருப்பது ஒரு குழந்தை மீன்களைத் தேடிக் கண்டுபிடித்து மகிழப் போதுமானது.

ஆகவே, கட்டுச்சோற்றுடன் சித்தன்னவாசலுக்கு ஒரு பகல் வரும் குடும்பம், வரும் வழியிலேயே அக்குளத்தின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவது நல்லது. வெயில் ஏறுமுன் குன்றின் மேலே ஏழடிப்பட்டத்தைப் பார்த்துவிடலாம். இது சமணத் துறவியர் தங்கிய இயற்கைக் குகைத்தளம், அவர்களுக்காகப் பாறையில் வழவழப்பாகச் செதுக்கிய படுக்கைகளும் தமிழ் பிராமி எழுத்தும் கொண்டது. பின்னர் குடைவரைக்குள் நின்று அண்ணாந்து பார்க்கும்போது, ஓவியத்தையோ சுவரையோ தொடக்கூடாது என்பதையும், கைப்பட்டால் சுண்ணச்சாந்தும் நிறமும் உதிரும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். பிற்பகலுக்குக் கீழே சிறுவர் பூங்காவும் படகுக் குளமும் உள்ளன.

அந்தச் சிறுவர் பூங்காவே கதைப் பூங்காவாக மாறத் தகுந்த இடம். ஊஞ்சலும் சறுக்குமரமும் எந்த ஊரிலும் கிடைப்பவை. விதானத்து யானையும் வாத்தும் பூக்கூடைக்காரரும் குழந்தைகள் ஏறி விளையாடும் உருவங்களாக அங்கு நின்றால், மேலே தொடாமல் பார்த்ததைக் கீழே தொட்டு விளையாடலாம். அவற்றின் அருகிலேயே, இராயவரத்துக் கவிஞர் பாடிய ஈசாப்பின் விலங்குகளுக்கும் அரிமளத்து எழுத்தாளரின் கதைமாந்தருக்கும், அந்தந்த நூலின் பெயர் பொறித்த பலகையுடன் இடம் ஒதுக்கலாம். அந்நூல்கள் அங்கேயே மர நிழலில் எடுத்துப் படிக்கவும் கிடைக்க வேண்டும்.