போலீஸிடம் சொன்னது ஏன் கோர்ட்டில் செல்லாது?

என் சித்தப்பா பையன் இரண்டாம் நிலைக் காவலர் பயிற்சியில் இருக்கிறான். போன வாரம் ஃபோனில் கேட்டான்: "அண்ணே, ஒருத்தன் எங்க இன்ஸ்பெக்டர்கிட்ட 'நான்தான் குத்தினேன்'னு ஒத்துக்கிட்டாலும் அது கோர்ட்ல சாட்சியம் ஆகாதாம். அப்போ சட்டத்துக்கு எங்க மேலயே நம்பிக்கை இல்லையா?"

நான் வக்கீல் இல்லை, கோடு எழுதிப் பிழைப்பவன். ஆனா கேள்வி பிடிச்சுப் போச்சு. தேடிப் படித்தேன். சுருக்கமான பதில்: ஆமாம்டா தம்பி, இல்லை. அதுக்குக் காரணம் இருக்கு, அதில் நம்ம ஊருக்கும் பங்கு இருக்கு.

1854-ல் லண்டன் பாராளுமன்றத்தில் ஒரு விவாதம் நடந்தது. மதராஸ் மாகாணத்தில் நிலவரி வசூலிக்க ரயத்துகளைச் சித்திரவதை செய்கிறார்கள் என்பது புகார். விசாரிக்க மூன்று பேர் கொண்ட கமிஷன் போட்டார்கள். 1855-ல் அறிக்கை வந்தது. புகார் உண்மைதான். விரல்களைக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிக்கும் கிட்டி, கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் குனிய வைப்பது, எல்லாம் அதில் இருக்கு. வரிக்கு மட்டுமில்லை, குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் இதே முறைகள்தான். வரி வசூலித்த தாசில்தாரே அப்போ போலீஸ் தலைவரும் கூட! 1859-ல் மதராஸுக்குத் தனி போலீஸ் சட்டம் வந்ததன் பின்னணி இது.

1861 குற்றவியல் நடைமுறைச் சட்டம், போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை ஆதாரமாகக் காட்டக்கூடாது என்றது. 1872 சாட்சியச் சட்டத்தில் அது 25-வது பிரிவு ஆனது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் 23-வது பிரிவு. நம்பர்தான் மாறியிருக்கு. (பேப்பரில் 'போலீசாரிடம் பரபரப்பு வாக்குமூலம்' என்று அரைப்பக்கம் போடுகிறார்களே, அது இந்த வகைதான்.)

ஒப்புக்கொள்ள விரும்புகிறவர் மாஜிஸ்திரேட்டிடம் சொல்லலாம். "நீ சொல்லியாக வேண்டியதில்லை, சொன்னால் உனக்கு எதிராகவே பயன்படலாம்" என்று அவர் முதலிலேயே எச்சரிக்க வேண்டும். அங்கே போய் "எனக்கு விருப்பமில்லை" என்று சொல்லிவிட்டால் அவரைத் திரும்பப் போலீஸ் காவலுக்கு அனுப்பக்கூடாது. அனுப்பினால் என்ன நடக்கும் என்று சட்டம் எழுதினவர்களுக்குத் தெரிந்திருக்கு.

ஆனா ஒரு ஓட்டையும் இருக்கு, பழைய 27-வது பிரிவு. காவலில் இருப்பவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்போடு நேராகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். இதற்கு இன்றைக்கும் எல்லோரும் காட்டுவது 1946-ல் பிரிவி கவுன்சில் சொன்ன புலுக்குரி கோட்டய்யா தீர்ப்பு. அதுவும் மதராஸ் மாகாண வழக்குதான். அதில் வரும் உதாரணம் கத்தி. "கூரையில் ஒளித்து வைத்த கத்தியை எடுத்துத் தருகிறேன்" என்பது வரைக்கும் செல்லும். "அதை வைத்துத்தான் அவனைக் குத்தினேன்" என்பது செல்லாது. கத்தி அங்கே இருப்பது அவனுக்குத் தெரியும் என்பதுதான் நிரூபணமாகிறது, குத்தினான் என்பதில்லை. ஸ்டேஷனில் அடிக்கிற ஆசையை இந்தப் பிரிவு கொஞ்சம் உயிரோடு வைத்திருக்கிறது என்பது என் அபிப்ராயம்.

இந்தத் தடையே இல்லாமல் போனால் என்ன ஆகும்? பார்த்திருக்கோம். 1987 தடா சட்டத்தில் எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்த வாக்குமூலம் செல்லும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் அவைதான் பெரிய ஆதாரம். 1998-ல் 26 பேருக்குத் தூக்கு. அடுத்த வருஷமே உச்ச நீதிமன்றம் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரி, அவர் சொன்னதைத் தான் அப்படியே எழுதவில்லை என்று 2013-ல் வெளிப்படையாகச் சொன்னார். பேரறிவாளன் வெளியே வந்தது 2022-ல்.

இதெல்லாம் சொன்னதும் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ விசாரணையில சாட்சி சொல்றதை எழுதினா கையெழுத்து வாங்கணுமாண்ணே?" என்றான்.

வாங்கக்கூடாது. பழைய 162, இப்போ நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 181. குறிச்சுக்கச் சொன்னேன்.